மாட்டினாயா, மாற்றினாயா? ஹாங்கருக்குப் புதிதாக வருவோர் வேலை அட்டையைப் படிக்கும் முறை

பெங்களூருக்கு விமானப் பராமரிப்பு வேலைக்காக வரும் தமிழ் இளைஞர்கள் பலர், சேலம், மதுரை, ஓசூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் படிப்பை முடித்துவிட்டு ஒரு பையுடன் வந்து, முருகேஷ்பாளையத்திலோ விமானபுரத்திலோ நான்கு பேராக அறை எடுத்துத் தங்குகிறவர்கள். 2008 மே மாதத்தில் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போய்விட்டாலும், பழைய எச்.ஏ.எல். ஓடுபாதையைச் சுற்றியுள்ள இந்தத் தெருக்களில் விமானத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஸ்பானர் பிடிக்க வரும், மேனுவல் படிக்கத்தான் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லாத புதியவர் குறைவு. விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கூடமான ஹாங்கரில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது அதே மேனுவல்களை எழுதித் திருத்தும் அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்திருப்பவன் நான். ஆகவே தெளிவில்லாத ஒரு வரியைப் படித்துத் தவறு செய்த அனுபவமும் எனக்கு உண்டு, அப்படி ஒரு வரியை எழுதிவிட்டுத் தலைகுனிந்த அனுபவமும் உண்டு.

புதியவர்கள் பயப்படுவது தங்கள் ஆங்கிலத்தை எண்ணித்தான். எனக்கு அந்தப் பயம் பெரிதாகத் தெரிவதில்லை. ஏனென்றால் புரியாத வரியை யாரிடமாவது கேட்டுவிடுவோம். ஒரு வரி இரண்டு விதமாகப் பொருள்படக்கூடியதாக இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் நம் மனத்தில் பட்டுவிட்டால், கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழாது. கீழே சொல்லப்போகும் முறையெல்லாம் அந்த இரண்டாவது பொருளைக் கண்டுபிடிப்பதற்கானது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த எட்டாவது மாதம், இரவு ஷிஃப்டில், ஹைட்ராலிக் ஃபில்டர் மாற்றும் வேலை எனக்கு வந்தது. ஃபில்டரைத் தாங்கும் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் எலிமென்ட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, கிண்ணத்தைத் திரும்ப மாட்ட வேண்டும். கிண்ணத்தின் விளிம்பில் எண்ணெய் கசியாமல் இருக்க ரப்பர் வளையம் ஒன்று உண்டு. ஊரில் அதை ஓ-ரிங் என்போம். மேனுவலில் அதற்குப் பெயர் பாக்கிங். என் கையிலிருந்த அட்டையில் முதல் வரி, புதிய எலிமென்ட்டைப் பொருத்தச் சொன்னது. அடுத்த வரி, ‘ரீப்ளேஸ் பௌல் அண்ட் பாக்கிங்’ என்றது. ஆங்கிலத்தில் ரீப்ளேஸ் என்றால் எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதும் ஆகும், பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதைப் போடுவதும் ஆகும். கிண்ணம் அதே கிண்ணம்தான் திரும்பப் போகிறது என்பதில் சந்தேகமில்லை. அதே வரியில் இருக்கும் பாக்கிங்குக்கு மட்டும் வேறு பொருள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய வளையத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, மாட்டி, கிண்ணத்தை முறுக்கிவிட்டேன்.

பக்கத்தில் மின்சாரம் தரும் வண்டி இரைந்துகொண்டிருந்தது. குழுவின் மூத்தவர் தூரத்திலிருந்தே, “பாக்கிங்க மாத்திட்டியா தம்பி?” என்று கேட்டார். “மாட்டிட்டேண்ணே” என்றேன். அவர் காதில் மாத்திட்டேன் என்று விழுந்தது. நான் சொன்னது மாட்டிட்டேன். இருவரும் தமிழர், இருவரும் உண்மையைத்தான் பேசினோம். அழுத்தம் ஏற்றி, ஒரு சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு வந்தபோது, கிண்ணத்தின் விளிம்பில் ஊதா நிறத்தில் துளிகள் கோத்துக்கொண்டு நின்றன. கசிவுச் சோதனை என்ற ஒரு படி அட்டையில் இருந்ததால் இரண்டு மணி நேரத் தாமதத்தோடு போயிற்று. மறுநாள் உற்பத்தியாளரின் மேனுவலைத் திறந்து பார்த்தோம். அதில், புதிய பாக்கிங்கைப் பொருத்துக என்று தெளிவாகவே இருந்தது. எங்கள் பிளானிங் பிரிவில் இரண்டு வரிகளை ஒரு வரியாகச் சுருக்கி அட்டை தயாரித்தபோது, ‘புதிய’ என்ற சொல் மட்டும் உதிர்ந்துபோயிருந்தது.

இதே வளையம் 1983 மே 5 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவின் நசாவ் நகருக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855-ஐக் கடலுக்குள் கொண்டுபோகப் பார்த்தது. மூன்று இன்ஜின் கொண்ட எல்-1011 விமானம். உள்ளே 172 பேர். முந்தைய இரவு மூன்று இன்ஜின்களிலும் எண்ணெயில் உலோகத் துகள் சேர்கிறதா என்று பார்க்கும் சிப் டிடெக்டர்களை மாற்றியவர்கள், சீல் வளையம் இல்லாமலே அவற்றைப் பொருத்தியிருந்தார்கள். வளையம் போட வேண்டும் என்ற குறிப்பு வேலை அட்டையில் இருந்தது. ஆனால் அவர்கள் கைக்கு அதுவரை வந்த டிடெக்டர்களில் வளையம் ஏற்கெனவே மாட்டப்பட்டே இருந்து பழக்கம். ‘வளையத்துடன் பொருத்துக’ என்ற சொற்றொடரை, ‘வளையத்துடன் வருகிறது, பொருத்துக’ என்று அந்தப் பழக்கம் படித்துக் காட்டியது. நடுவானில் ஒரு இன்ஜினை எண்ணெய் அழுத்தம் குறைந்ததால் நிறுத்தினார்கள். திரும்பி வரும் வழியில் மற்ற இரண்டும் தாமாக நின்றன. முதலில் நிறுத்திய இன்ஜினை மறுபடி உயிர்ப்பித்து மயாமியில் இறக்கினார்கள். யாருக்கும் உயிர்ச்சேதமில்லை.

முதல் படி: கையில் இருப்பது எந்தக் காகிதம்?

வேலை அட்டை வேறு, மேனுவல் வேறு. அட்டை என்பது உங்கள் நிறுவனம் அன்றைய வேலைக்காகத் தொகுத்துக் கொடுப்பது. மேனுவல் என்பது விமானத்தைச் செய்தவர் எழுதியது. அட்டையில் எந்த மேனுவல் பகுதியிலிருந்து வேலை எடுக்கப்பட்டது என்ற எண் இருக்கும். புதியவராக இருக்கும் வரையாவது, ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைத் திறந்து மூலத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எண்ணின் அமைப்பு உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயம்: 27 என்றால் பறப்புக் கட்டுப்பாடுகள், 29 ஹைட்ராலிக், 32 சக்கரங்களும் பிரேக்கும், 56 கண்ணாடிகள். பழைய பாணி மேனுவல்களில் பக்க எண்ணே செய்தி சொல்லும்: 401-இல் தொடங்கும் பக்கங்கள் கழற்றுவதும் பொருத்துவதும், 501-இல் தொடங்குபவை சரிசெய்து சோதிப்பது, 601-இல் தொடங்குபவை பரிசோதனை. பொருத்தும் பக்கத்தை முடித்துவிட்டுச் சோதனைப் பக்கம் வேறிடத்தில் இருப்பதை மறந்துபோகிறவர்கள் உண்டு.

பிறகு எஃபெக்டிவிட்டி. ஒரே மாடல் விமானமாக இருந்தாலும், எந்தெந்த வரிசை எண் விமானங்களுக்கு அந்தப் பக்கம் பொருந்தும் என்பது பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு விமானங்களில் ஒன்றுக்கு மாற்றம் செய்யப்பட்டிருக்கும், மற்றதற்கு இருக்காது. அடியில் சிறிய எழுத்தில் இருப்பதால் இதைச் சிறிய விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். இதைப் பற்றிக் கடைசியில் ஒரு அவமானக் கதை சொல்கிறேன்.

திருத்தப் பதிப்பு எண்ணையும் பாருங்கள். போன மாதம் அச்செடுத்த பக்கத்தை டூல் பாக்ஸுக்குள் மடித்து வைத்திருக்கும் அண்ணன்மார் எல்லா ஹாங்கரிலும் உண்டு; அந்தக் காகிதத்தைக் கடன் வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: கடைசி வரி வரை படித்துவிட்டுக் கருவியை எடுங்கள்

ஒரு வரி படித்து ஒரு வேலை, இன்னொரு வரி படித்து இன்னொரு வேலை என்று போவதுதான் இயல்பாக வரும் பழக்கம். அதில் ஒரு சிக்கல் தமிழர்களான நமக்கென்றே இருக்கிறது. தமிழில் வாக்கியம் பெரும்பாலும் காலத்தின் வரிசையிலேயே நடக்கும்: அழுத்தத்தை விட்ட பிறகு பின்னைக் கழற்று என்போம். காதில் விழும் வரிசையிலேயே கையும் போகலாம். ஆங்கிலம் அதைத் தலைகீழாக்கி, பின்னைக் கழற்று, அழுத்தத்தை விட்ட பிறகு என்றும் எழுத முடியும். சோர்ந்த கண், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டால், கை அந்தப் பின்னைக் கழற்றப் போய்விடும். முற்றுப்புள்ளி வரை போய், வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை முணுமுணுத்துப் பாருங்கள். வரிசை தானாக நேராகிவிடும். ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களுக்கும் அதிகாலை மூன்று மணிக்கு இந்த முணுமுணுப்பு தேவைப்படும்.

வார்னிங், காஷன் என்ற இரண்டையும் தமிழில் எச்சரிக்கை என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். மேனுவலில் அவை வெவ்வேறு. வார்னிங் என்றால் ஆளுக்குக் காயமோ உயிருக்கு ஆபத்தோ நேரலாம். காஷன் என்றால் விமானத்துக்கோ கருவிக்கோ சேதம் நேரலாம். நோட் என்றால் வெறும் தகவல். ஒழுங்காக எழுதப்பட்ட மேனுவலில் முதல் இரண்டும் அதற்குரிய வேலைக்கு முன்பே வந்துவிடும். உங்கள் அட்டையில் வேலை வரிக்குப் பின்னால் வார்னிங் வந்திருந்தால், அது புகார் எழுத வேண்டிய குறை.

இந்த ஒழுங்குக்கெல்லாம் ஒரு விதித்தொகுப்பு உண்டு. ஐரோப்பிய விமானத் தொழில்துறை 1980-களில் உருவாக்கிய எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் அது, இப்போது ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற பெயரில் வழங்குகிறது. செயல்முறை வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் கூடாது, விளக்க வாக்கியத்தில் 25-க்கு மேல் கூடாது, ஒரே நேரத்தில் செய்ய வேண்டியவை தவிர ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான் சொல்லலாம், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்பவை அதன் முக்கிய விதிகள். ‘ஃபாலோ’ என்ற சொல்லுக்கு அதில் பின்னால் வருவது என்று மட்டுமே பொருள். விதிப்படி நடப்பதற்கு ‘ஒபே’ என்றுதான் எழுத வேண்டும். ‘அபவுட்’ என்றால் ஒன்றைப் பற்றி. ஏறக்குறைய என்ற பொருளில் அதைப் போட்டால் எங்கள் அலுவலகத்தில் சிவப்புக் கோடு விழும். புதியவர்களுக்கு என் யோசனை: ஆங்கில வகுப்புக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இந்த விதிகளைப் படிப்பதில் செலவிடுங்கள். ஆனால் உங்கள் கைக்கு வரும் எல்லாக் காகிதமும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நிறுவனத்துக்குள் தயாரிக்கும் அட்டைகளும், மிகப் பழைய விமானங்களின் மேனுவல்களும் எழுதியவர் போக்கில் இருக்கும்.

மூன்றாம் படி: பென்சிலால் வட்டமிட வேண்டிய சொற்கள்

ரீப்ளேஸைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்த குற்றவாளி ‘செக்’. கண்ணால் பார்ப்பதா, கையால் அசைத்துப் பார்ப்பதா, அளவுகோல் வைத்து அளப்பதா? நம் பேச்சிலும் “பார்த்தாச்சு” என்ற ஒரே சொல் இந்த மூன்றையும் விழுங்கிவிடும். செக் என்று கண்டால் உடனே அடுத்து என்ன இருக்கிறது என்று தேடுங்கள்: எந்த அளவுக்குள் இருந்தால் சரி, எதைத் தாண்டினால் தவறு என்ற எல்லை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லை இல்லாத செக் பாதி எழுதிய வரி.

‘தேவைப்பட்டால்’, ‘தேவையான அளவு’ என்ற பொருளில் வரும் சொற்றொடர்கள் முடிவை உங்கள் தலையில் கட்டுபவை. கிரீஸ் தேவையான அளவு பூசுக என்றால் மெக்கானிக்குக்கு மெக்கானிக் அளவு மாறும். இந்த மாதிரி இடத்தில் மூத்தவரின் அனுபவம் உதவும். ஆனால் தேவையா இல்லையா என்பதை நீங்களே தீர்மானித்து, அதை யாரிடமும் சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை.

கையிறுக்கம், சற்று இறுக்கம் என்பவற்றை எண்ணாக மாற்ற முடியாது. ஆனால் அவை பெரும்பாலும் ஒரு இடைநிலைப் படியாகத்தான் வரும். எல்லா போல்ட்டையும் கையிறுக்கமாக வைத்துவிட்டு, பின்னால் வரும் படியில் டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்கும் விசையான டார்க்கை அளந்து காட்டும் ஸ்பானர், வைத்து முறுக்கச் சொல்லியிருப்பார்கள். இடையில் டீ குடிக்கப் போனால் அந்த இடைநிலையே இறுதிநிலை ஆகிவிடும் அபாயம் உண்டு. என்னோடு இருந்த ஒருவர், டார்க் வைக்காத போல்ட்டின் பக்கத்தில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்குவார்.

நான்காம் படி: எண்ணும் அலகும்

டார்க் மதிப்பு இன்ச்-பவுண்டிலா, ஃபுட்-பவுண்டிலா, நியூட்டன்-மீட்டரிலா என்று வாய்விட்டுப் படியுங்கள். 1 ஃபுட்-பவுண்டு 12 இன்ச்-பவுண்டு. 100 இன்ச்-பவுண்டு ஏறக்குறைய 11.3 நியூட்டன்-மீட்டர். பன்னிரண்டு மடங்கு தவறு நேர்ந்தால் திருகு உடைந்தாவது காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கலாம். எதிர்ப்பக்கமாகத் தவறினால் எதுவும் உடையாது, தளர்வாக இருக்கும், அவ்வளவுதான்.

அலகு என்ன செய்யும் என்பதற்குக் கனடாவின் கிம்லி சம்பவம் போதும். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா 143-ஆம் விமானத்தின் எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்யவில்லை. குச்சி விட்டு அளந்ததில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு 22,300 கிலோ தேவை. லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 1.77-ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். காகிதத்தில் 1.77 என்ற எண் இருந்ததே தவிர, அது கிலோவுக்கா பவுண்டுக்கா என்பது கவனிக்கப்படவில்லை. அந்த போயிங் 767 கனடாவில் மெட்ரிக் அளவுக்கு மாறிய புதிய வரிசை. மற்ற விமானங்களில் பவுண்டே பழக்கம். 20,000 லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாக ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு இன்ஜினும் நடுவானில் நின்று, பழைய விமானப்படைத் தளம் ஒன்றில் மிதந்து இறங்கியது.

பார்ட் நம்பரும் ஒரு வகை எண்தான். 1990 ஜூன் 10 அன்று, பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390-இன் விமானி அறைக் கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போய், கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது; உள்ளே இருந்தவர்கள் காலைப் பிடித்துக்கொண்டதால் அவர் பிழைத்தார். 27 மணி நேரத்துக்கு முன் இரவு ஷிஃப்டில் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. தேவைப்பட்டது ஏ211-8டி போல்ட். கழற்றிய பழைய போல்ட்டுகளோ ஏற்கெனவே யாரோ தவறாகப் போட்டிருந்த 7டி. வேலை செய்தவர் உதிரிபாகப் பட்டியலைப் பார்க்காமல், பழையதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் ஒப்பிட்டே புதியதை எடுத்தார். அப்படி எடுத்ததில் 90 போல்ட்டுகளில் 84, விட்டம் சிறிய 8சி. ஸ்டோரில் இருந்தவர் 8டி என்று சொல்லியும் பார்த்தார். கழற்றியதைப் போலவே இருப்பதுதான் சரியானது என்ற எண்ணத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். உங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவரும் மனிதர்தான்.

ஐந்தாம் படி: படத்தை வரியோடு ஒத்துப் பாருங்கள்

படம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரையப்பட்டது, முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி எங்கே, இது இடது இறக்கைக்கா வலது இறக்கைக்கா என்ற மூன்று கேள்விக்கும் விரல் வைத்துப் பதில் சொல்ல முடிய வேண்டும். 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலில் பெரிய பராமரிப்பு முடித்துக் கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190 விமானத்தில், இறக்கையின் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அய்லரானின் கம்பிவடங்கள் மாற்றி மாட்டப்பட்டிருந்தன. இடது பக்கம் சாய்க்கத் திருப்பினால் வலது பக்கம் சாய்ந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் நெடுநேரம் வானத்தில் போராடிய பிறகு பெஜா தளத்தில் இறங்கினார்கள். விசாரணையில், உற்பத்தியாளரின் படங்களும் வழிமுறைகளும் புரிந்துகொள்ளக் கடினமாக இருந்ததும் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. கட்டுப்பாட்டுக் கம்பிவட வேலைக்கு இரண்டாவது ஆள் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி இருப்பது இதற்காகத்தான். ஆனால் அந்த இரண்டாவது ஆளும் அதே படத்தை அதே விதமாகப் புரிந்துகொண்டால் பயனில்லை. சரிபார்க்க வருபவரிடம் நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவரே படித்து, அவரே வந்து பார்க்கட்டும்.

ஆறாம் படி: வரி தெளிவில்லை, அல்லது வரியே இல்லை என்றால்

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். செய்ய வேண்டிய வேலை ஒன்று, மேனுவலில் இருப்பது அதைவிடப் பெரிய வேலை. அப்போது நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளத் தோன்றும். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 புறப்பட்டவுடன் விழுந்து, உள்ளே இருந்த 21 பேரும் இறந்தார்கள். இரண்டு இரவுகளுக்கு முன் அந்த பீச் 1900டி விமானத்தில் எலிவேட்டரின், அதாவது வாலில் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பகுதியின், கம்பிவட இழுவிசையைச் சரிசெய்யும் வேலை நடந்தது. மேனுவலில் இழுவிசையை மட்டும் சரிசெய்யத் தனி வழிமுறை இல்லை. முழுக் கட்டுப்பாட்டு அமைப்பையும் ஒழுங்குபடுத்தும் நீண்ட வழிமுறைக்குள் அது ஒரு பகுதியாக இருந்தது. அந்த வகை விமானத்தில் முதன்முறையாக அந்த வேலையைச் செய்த மெக்கானிக், தேவையில்லை என்று பட்ட படிகளைத் தாண்டினார், மேற்பார்த்தவரும் ஒப்புக்கொண்டார். விளைவாக, மூக்கைக் கீழே இறக்கும் பக்கமாக எலிவேட்டர் ஏறக்குறைய பாதி தூரம்தான் அசைந்தது. பின்பக்கம் பாரம் கூடியிருந்ததும் சேர்ந்துகொண்டது. தாண்டப்பட்ட படிகளில் ஒன்று அந்தக் குறையைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆகவே, படியைத் தாண்டலாமா என்ற கேள்விக்கு ஹாங்கர் தரையில் பதில் கிடையாது. வேலையை நிறுத்துங்கள். எந்த நிலையில் நிறுத்தினீர்கள் என்பதை அட்டையில் எழுதுங்கள். லைசென்ஸ் உள்ள இன்ஜினியரிடம் போங்கள். அவருக்கும் சந்தேகம் என்றால் அவர் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதுவார், அவர்கள் உற்பத்தியாளருக்கு எழுதுவார்கள். நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர். 145 விதிகளில் 145.ஏ.45 என்ற பிரிவே, தவறான, முழுமையில்லாத, இருபொருள் படும் வழிமுறையைக் கண்டால் அதைப் பதிவுசெய்து எழுதியவருக்குத் தெரிவிக்கும் முறை ஒவ்வொரு பராமரிப்பு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் கேட்பது சலுகையன்று; நிறுவனம் அதற்கு வழி வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறது. “இத்தனை வருஷமா இப்படித்தாண்டா பண்றோம்” என்பது வரலாறு. அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்னவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், “சரிண்ணே, அந்தப் பக்கத்தைக் காட்டுங்க, நானும் கத்துக்கறேன்” என்று பணிவாகவே கேட்கலாம். இந்த வாக்கியத்துக்குக் கோபப்பட்ட மூத்தவரை நான் பார்த்ததில்லை. ஒருவர் மட்டும் சிரித்தார், சிரித்துவிட்டுப் பக்கத்தைத் தேடப் போனார்.

ஏழாம் படி: ஷிஃப்ட் கைமாறும்போது

1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 விழுந்து 14 பேர் இறந்ததற்குக் காரணம், வால் பகுதியின் கிடைத்தளத்தில் இடது முன்விளிம்பின் மேற்பக்கத்தில் 47 திருகுகள் இல்லாதது. மாலை ஷிஃப்ட் அவற்றைக் கழற்றியது. அது அடுத்த ஷிஃப்டுக்கு முறையாக எழுதிக் கொடுக்கப்படவில்லை. இரவு ஷிஃப்டுக்கு அப்படியொன்று நடந்ததே தெரியவில்லை. மேலே இருக்கும் திருகு தரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாது.

பெங்களூர் ஹாங்கரில் இந்தக் கைமாற்றம் கன்னடம், தமிழ், மலையாளம், இந்தி எல்லாம் கலந்து நடக்கும். இந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். ஒருவர் போகிற போக்கில் “யே கல் கா காம் ஹை” என்று சொல்லிவிட்டுப் போனால், நேற்றே முடிந்த வேலையா, நாளைக்கு விட்டுவைத்த வேலையா? நம் தமிழும் உத்தமமில்லை. “டைட் பண்ணியாச்சு” என்பதில் செய்தவர் யார் என்பதே கிடையாது. ‘ஆச்சு’ என்று முடியும் வினைக்கு ஆள் வேண்டியதில்லை. கையால் இறுக்கியதா, டார்க் வைத்ததா என்பதும் கிடையாது. ஆகவே பேச்சில் நட்பை வைத்துக்கொண்டு, வேலையைக் காகிதத்தில் கொடுங்கள்: எதைக் கழற்றினேன், எத்தனை, அவை எந்தப் பையில், எந்தப் படி வரை கையெழுத்து, எந்தப் படி பாக்கி. வாங்குபவர், கொடுப்பவர் போவதற்குள் விமானத்தருகே நின்று அதைப் படிக்க வேண்டும். நீங்கள் பார்க்காத படிக்கு, யார் என்ன சொன்னாலும் உங்கள் கையெழுத்து வேண்டாம்.

எட்டாம் படி: கேள்வித்தாளை எழுதுவது

தெளிவில்லாத வரியைப் பற்றித் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பும் தாளில் ‘இந்த வரி தெளிவாக இல்லை, விளக்கவும்’ என்று மட்டும் எழுதினால், ‘வரியை மறுபடி படிக்கவும்’ என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை அனுப்பும் மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். மேனுவலின் பெயர், வேலை எண், திருத்தப் பதிப்பு, படியின் எழுத்து, விமானத்தின் வரிசை எண் இவற்றை முதலில் எழுதுங்கள். பிறகு வரியை அப்படியே, சொல் மாற்றாமல் எடுத்தெழுதுங்கள். அதற்குக் கீழே, ‘இதை இப்படியும் படிக்கலாம், இப்படியும் படிக்கலாம்’ என்று இரண்டு பொருளையும் தனித்தனியாக வையுங்கள். முதலாவதன்படி செய்தால் என்ன ஆகும், இரண்டாவதன்படி செய்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வாக்கியம். முடிந்தால் ஒரு போட்டோ. கடைசியில் நீங்கள் எப்படி எழுதியிருப்பீர்கள் என்பதையும் சேருங்கள். என் பாக்கிங் விஷயத்தில் எங்கள் மூத்தவர் எழுதியனுப்பிய யோசனை இரண்டே வரி: பழைய பாக்கிங்கை அகற்றி அப்புறப்படுத்துக, புதிய பாக்கிங்கைப் பொருத்துக. அட்டை அப்படியே மாறி வந்தது. உள்ளூர் அட்டை என்பதால் ஒரு வாரத்தில் நடந்தது. உற்பத்தியாளரின் மேனுவல் மாற மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்தப் படிக்கு எழுத்தில் கிடைத்த இடைக்கால விளக்கத்தின் எண்ணை அட்டையில் குறித்தே வேலை செய்ய வேண்டும்.

எழுதியனுப்புவதற்கு முன் முதல் படிக்கு ஒருமுறை திரும்பிப் போய்வாருங்கள். பாக்கிங் சம்பவத்துக்குப் பிறகு உற்சாகம் வந்து, நானே தனியாக எழுதிய முதல் கேள்வித்தாள் ஒன்றரைப் பக்கம் இருந்தது. பிரேக் குழாயின் பிடிமானம் ஒன்று படத்தில் இருக்கிறது, விமானத்தில் இல்லை, மேனுவல் தவறு என்று போட்டோவுடன் நிறுவியிருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நான் பார்த்த பக்கம் பக்கத்து மேடையில் நின்ற விமானத்துக்கு உரியதாம். எங்கள் விமானத்துக்கான படம் அடுத்த பக்கத்தில் இருந்தது.